கவுன்சிலர் இறந்தால் இடைத்தேர்தல் உண்டா?

(இயக்கத்தின் வட்டாரக் கூட்டம் ஒன்றில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்ப வேலைகளை ஒதுக்கி வைத்துவிட்டுச் சட்டம் கேட்க வந்திருக்கிறீர்கள். உங்களை அதிக நேரம் சோதிக்க மாட்டேன். ஒரு கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இதுபோல ஒரு கூட்டம். நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் காலமாகி, இடைத்தேர்தல் பேச்சு ஊரெங்கும் ஓடிக்கொண்டிருந்த நேரம். கூட்டம் முடிகிற சமயத்தில் பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். காலையில் அப்பமும் தோசையும் விற்றுப் பிழைக்கிறவர். "ஐயா, எங்க ஏரியா கவுன்சிலரும் போன மாசம் தவறிட்டாரு. அவருக்கு இடைத்தேர்தல் எப்ப?" என்று கேட்டார்.

கூட்டத்தில் சிலர் சிரித்துவிட்டார்கள். அந்த அம்மா முகம் சுருங்கி உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. இருபது ஆண்டுகளாக நீதிமன்றப் படி ஏறி இறங்குகிற நமக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றியது. அவருடைய கடை லைசென்சு, கடைக்கு முன்னால் தேங்கும் சாக்கடை, குப்பை வண்டி, தெரு விளக்கு எல்லாமே நகராண்மைக் கழகத்தின் கையில். அப்படியானால் அந்த நாற்காலி காலியானால் தேர்தல் வைக்க வேண்டாமா?

அவருக்கு அன்று நான் சொன்ன பதில் இதுதான்: "அம்மா, அவருக்கு இடைத்தேர்தல் இல்லை. ஏனென்றால் அவருக்குத் தேர்தலே இருந்ததில்லை." அந்தப் பதிலை இன்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வந்திருக்கிறேன்.

நாடாளுமன்ற உறுப்பினர் இறந்தால்

முதலில் இடைத்தேர்தல் எப்படி வருகிறது என்று பார்ப்போம். கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் 54ஆவது விதி தெளிவாகச் சொல்கிறது. மக்களவையில் ஓர் இடம் காலியானால், அது காலி என்று தேர்தல் ஆணையம் உறுதிப்படுத்திய நாளிலிருந்து 60 நாட்களுக்குள் நிரப்பியாக வேண்டும். மாநிலச் சட்டமன்றங்களுக்கும் இதே 60 நாள் கணக்குதான்.

இடம் காலியாவதற்குப் பல காரணங்கள் உண்டு. உறுப்பினர் இறக்கலாம், பதவி விலகலாம், தகுதி இழக்கலாம். தேர்தல் நீதிமன்றம் வெற்றியை ரத்து செய்யலாம். 2022 அக்டோபரில் கட்சித் தாவலைத் தடுக்கும் 49ஏ விதி நடப்புக்கு வந்த பிறகு, கட்சி மாறினாலும் நாற்காலி போகும்.

60 நாள் எங்கிருந்து எண்ணப்படுகிறது என்பதை நம்மில் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறோம். இறந்த நாளிலிருந்து அல்ல. 2024இல் கோல குபு பாரு சட்டமன்ற உறுப்பினர் மார்ச் 21ஆம் தேதி காலமானார். வேட்புமனுத் தாக்கல் ஏப்ரல் 27, வாக்களிப்பு மே 11. இறந்த நாளிலிருந்து 51ஆவது நாள். அதற்கு அடுத்த ஆண்டு பேராக்கில் ஆயர் கூனிங் உறுப்பினர் பிப்ரவரி 22இல் காலமானார். வாக்களிப்பு ஏப்ரல் 26. எண்ணிப் பாருங்கள், 63 நாள் வருகிறது. சட்டம் மீறப்பட்டதா? இல்லை. சபாநாயகர் ஆணையத்துக்குத் தெரிவித்து, ஆணையம் காலியிடத்தை உறுதி செய்த நாளிலிருந்துதான் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது.

அந்த 60 நாளுக்குள் எந்த நாள் என்பதை ஆணையம் முடிவு செய்கிறது. வேட்புமனுவுக்கும் வாக்களிப்புக்கும் இடையில் குறைந்தது 11 நாள் பிரச்சாரத்துக்கு விட வேண்டும். 25 நாளிலும் முடிக்கலாம். 2007இல் ஈஜோக் உறுப்பினர் ஏப்ரல் 4இல் காலமானார். அதே மாதம் 28இல் வாக்களிப்பே முடிந்துவிட்டது.

இதில் ஒரு விலக்கு உண்டு, கவனியுங்கள். நாடாளுமன்றத்தின் ஆயுள் ஐந்து ஆண்டு. அது பொதுத் தேர்தல் நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை, முதல் கூட்டம் நடந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது. 15ஆவது பொதுத் தேர்தல் 2022 நவம்பர் 19இல் நடந்தது. அவை முதலில் கூடியது டிசம்பர் 19. முன்னதாகக் கலைக்கப்படாவிட்டால் 2027 டிசம்பர் 19இல் அது தானாகக் கலையும். அந்த நாளுக்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள் இடம் காலியானால் இடைத்தேர்தல் தேவையில்லை. ஆளும் தரப்பின் பெரும்பான்மை பாதிக்கப்படுகிறது என்று சபாநாயகர் எழுத்து மூலம் சொன்னால் மட்டுமே உண்டு. சபாவில் கினபாத்தாங்கான் உறுப்பினர் 2025 டிசம்பர் 5இல் காலமானார். கோட்டுக்கு இரண்டு வாரம் முன்னால். அதனால் அங்கே 2026 ஜனவரியில் இடைத்தேர்தல் வந்தது. இரண்டு வாரம் தள்ளிப் போயிருந்தால் அந்தத் தொகுதி மக்கள் அடுத்த பொதுத் தேர்தல் வரை காத்திருந்திருப்பார்கள்.

அப்படிக் காத்திருந்த தொகுதியும் உண்டு. அதே சபாவில் பத்து சாப்பி உறுப்பினர் 2020 அக்டோபரில் காலமானார். டிசம்பர் 5 வாக்களிப்பு என்று நாளும் குறித்தாயிற்று. கோவிட் தொற்றைக் காட்டி நவம்பரில் அந்தத் தொகுதிக்கு மட்டும் அவசரகாலம் பிரகடனம் செய்து தேர்தலை நிறுத்தினார்கள். நோய்க்காலத்தில் அதில் நியாயம் இருந்தது, நான் மறுக்கவில்லை. ஆனால் தள்ளிப்போன தேர்தல் திரும்பி வரவேயில்லை. 2022 பொதுத் தேர்தல் வரை இரண்டு ஆண்டு அந்த மக்களுக்கு நாடாளுமன்றத்தில் ஆள் இல்லை. அவசரகாலத்தைச் சொல்லி நிறுத்திய தேர்தல் எப்போது திரும்பும்? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடி இங்கேதான் வரப்போகிறோம்.

அக்கரையில் ஒரு தமிழ்ப் பெண்

60 நாள் என்று சட்டத்தில் எழுதி வைத்திருப்பது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று தெரிய வேண்டுமானால் சிங்கப்பூரைப் பார்க்க வேண்டும். அங்கே அரசியலமைப்பில் கால வரம்பு இல்லை. காலியிடம் தேர்தல் மூலம் நிரப்பப்படும் என்று மட்டும் இருக்கிறது.

2012 பிப்ரவரியில் ஹௌகாங் தொகுதி உறுப்பினரை அவருடைய கட்சி நீக்கியது, இடம் காலியானது. இடைத்தேர்தலுக்கு நாள் குறிக்காமல் காலம் போனது. அப்போது உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது யார் தெரியுமா? அந்தத் தொகுதியில் குடியிருந்த ஒரு தமிழ்ப் பெண், துப்புரவுத் தொழிலாளி. "என் தொகுதிக்கு உறுப்பினர் வேண்டும், பிரதமர் நினைத்தபோது வைக்க இது அவர் விருப்பமா?" என்பதுதான் வழக்கின் சாரம்.

வழக்கு நடக்கும்போதே அந்த ஆண்டு மே 26இல் இடைத்தேர்தல் நடந்துவிட்டது. இருந்தும் வழக்கு தொடர்ந்தது. 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், தேர்தல் முடிந்துவிட்டதால் அவருக்குத் தனிப்பட்ட நிவாரணம் எதுவும் தரவில்லை. ஆனால் அதே தீர்ப்பில், பிரதமருக்குக் கட்டற்ற அதிகாரம் இல்லை, நியாயமான காலத்துக்குள் தேர்தல் வைத்தே ஆக வேண்டும் என்று சட்டத்தை விளக்கிச் சொன்னது. அந்தத் தீர்ப்பு அப்பெண்மணியின் பெயரில்தான் சட்டப் புத்தகங்களில் நிற்கிறது. கேள்வி கேட்கப் பட்டம் தேவையில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இடைத்தேர்தலில் எதைக் கேட்கிறோம்?

இடைத்தேர்தல் வந்தால் நம்மவர்களுக்குத் திருவிழா. அமைச்சர்கள் கோயிலுக்கு வருகிறார்கள், மாலை போட்டுக்கொள்கிறார்கள். தார் வண்டி வருகிறது. இருபது ஆண்டாக எரியாத விளக்கு ஒரே வாரத்தில் எரிகிறது. அரிசி மூட்டை வருகிறது.

2010 ஏப்ரலில் உலு சிலாங்கூர் நாடாளுமன்ற இடைத்தேர்தல். 1,725 வாக்கு வித்தியாசத்தில் முடிவானது. அத்தனை நெருக்கமான போட்டியில் தோட்டப்புறத் தமிழர் வாக்கு எவ்வளவு எடை என்று எல்லாக் கட்சிக்கும் தெரிந்தது. 14 ஆண்டு கழித்து, அதே நாடாளுமன்றத் தொகுதிக்குள் இருக்கும் கோல குபு பாருவில் இடைத்தேர்தல். அப்போது பேசப்பட்ட விவகாரம் என்ன? ஐந்து தோட்டங்களின் 245 குடும்பங்களுக்கு வீடு. லயத்தில் பிறந்து, தோட்டம் கைமாறி, வேலை போய், இருபது ஆண்டுக்கு மேல் வீட்டுக்காகக் காத்திருந்த குடும்பங்கள். ஒரு சட்டமன்ற உறுப்பினர் இறந்த பிறகுதான் நாட்டின் கண்ணில் பட்டார்கள். யாரும் இறக்காமல் இருந்திருந்தால்?

தார், விளக்கு, சாக்கடை, சந்தைக் கடை, சுடுகாட்டுப் பாதை. இவற்றில் எது நாடாளுமன்றத்தின் வேலை? நாடாளுமன்ற உறுப்பினர் சட்டம் இயற்றப் போகிறவர். நாம் அவரிடம் கேட்பது பெரும்பாலும் நகராண்மைக் கழகத்தின் வேலை. சாக்கடை அடைத்தால் நாடாளுமன்ற உறுப்பினருக்குப் போன் போடுகிறோம். அவர் கழகத்துக்குக் கடிதம் எழுதுகிறார். கழகத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் நம் ஓட்டில் வந்தவர்கள் இல்லை. ஆகவே அந்தக் கடிதம் கோப்பில் கிடக்கிறது. இதுதான் நடக்கிறது. உறுப்பினர் மேல் மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

ஓட்டுப் போட்டுக் கவுன்சிலரைத் தேர்ந்தெடுத்த காலம்

நகராண்மைக் கழகத் தேர்தல் இந்த நாட்டுக்குப் புதிது அல்ல. நாடாளுமன்றத் தேர்தலைவிட அது மூத்தது. பினாங்கில் வரி செலுத்துவோர் 1857இலேயே நகர ஆணையர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். வெள்ளைக்காரன் 1913இல் அதை நிறுத்தினான். பிறகு 1951 டிசம்பர் 1இல் ஜார்ஜ்டவுனில் மீண்டும் தேர்தல். 1952 பிப்ரவரியில் கோலாலம்பூர் தேர்தல். அந்தக் கோலாலம்பூர் தேர்தலில் அம்னோவும் ம.சீ.ச.வும் கைகோத்து 12இல் 9 இடம் வென்றதுதான் பிறகு கூட்டணியாகி, இந்த நாட்டைப் பல பத்தாண்டுகள் ஆண்டது. முதல் பொதுத் தேர்தல் 1955இல்தான் வந்தது. ஆக, நம் நாட்டு அரசியல் பள்ளிக்கூடமே நகராண்மைக் கழகம்தான்.

எப்படி நடந்தது? நகரத்தைச் சிறு வட்டாரங்களாகப் பிரித்தார்கள். அந்தத் தொடக்க ஆண்டுகளில் ஒரே நாளில் எல்லா இடத்துக்கும் தேர்தல் இல்லை. உறுப்பினருக்கு மூன்று ஆண்டு. ஆண்டுதோறும் மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் விலகி, அந்த இடங்களுக்குத் தேர்தல் வந்தது. அதாவது ஒவ்வோர் ஆண்டும் கழகம் மக்களிடம் கைகட்டிப் பதில் சொல்ல வேண்டும். 1960இல் புதிய சட்டம் வந்து, இந்தத் தேர்தல்களை நடத்தும் பொறுப்பு தேர்தல் ஆணையத்துக்கு வந்தது. 1961இலும் 1963இலும் நாடு தழுவிய ஊராட்சித் தேர்தல்கள் நடந்தன.

நம்மவர்கள் அதில் எங்கே இருந்தார்கள்? ஜார்ஜ்டவுன் 1957 ஜனவரி 1இல் மாநகரமானது. அதன் முதல் மேயர் தொழிற்கட்சியைச் சேர்ந்த டி.எஸ். இராமநாதன். சீனர் பெரும்பான்மையாக வாழ்ந்த நகரம் அது. ஈப்போ நகராட்சி மன்றத்தைச் சீனிவாசகம் சகோதரர்களின் மக்கள் முற்போக்குக் கட்சி கைப்பற்றி நடத்தியது. ஈப்போவும் சீனர் பெரும்பான்மை நகரம்தான். வேலை செய்கிறவன் என்று நம்பி ஓட்டுப் போட்டார்கள். இன்று யார் பேசினாலும் "அந்தத் தொகுதியில் நம்ம ஆளுக்கு எத்தனை விழுக்காடு?" என்றுதான் தொடங்குகிறார்கள்.

எப்படி நின்றது?

1965 மார்ச்சில் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி, அவசரகால ஒழுங்குமுறையின் கீழ் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. நிறுத்தி வைக்கப்பட்டன, ஒழிக்கப்படவில்லை. அமைதி திரும்பியதும் தேர்தலும் திரும்பும் என்று பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் வாக்களித்தார். 1966 ஆகஸ்டில் மோதல் முடிந்தது. தேர்தல் திரும்பவில்லை. இடையில் முறைகேடு என்று சொல்லிச் சில நகராட்சிகளை மாநில அரசுகளே எடுத்துக்கொண்டன. ஜார்ஜ்டவுன் மாநகராட்சியும் 1966இல் அப்படிப் போனது.

ஊராட்சிகளை ஆராய 1965இல் அரச விசாரணை ஆணையம் அமைத்தார்கள். அதன் தலைவர் ஒரு தமிழர், வழக்கறிஞர், செனட்டர் ஆதி நாகப்பன். ஆணையம் நாடு முழுக்கச் சுற்றி விசாரித்து 1968 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. அதன் முடிவு என்ன? ஊராட்சி மன்றங்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்பதே. அவர் எதிர்க்கட்சிக்காரர் அல்லர். ஆளும் கூட்டணியில் இருந்த ம.இ.கா.வின் தலைவர்களுள் ஒருவர். அறிக்கை வெளியானதே 1971இல்தான். பரிந்துரை அலமாரிக்குப் போனது.

1976இல் ஊராட்சிச் சட்டம் வந்தது, 171ஆவது சட்டம். அதன் 15ஆவது பிரிவு, ஊராட்சித் தேர்தல் தொடர்பான எல்லாச் சட்டங்களும் செயலிழக்கும் என்று சொல்கிறது. தற்காலிகம் என்று 1965இல் சொன்னது அந்தப் பிரிவில் நிரந்தரமானது. பத்து சாப்பிக்கு இரண்டு ஆண்டு என்றேன். ஊராட்சித் தேர்தலுக்கு அறுபது ஆண்டு தாண்டிவிட்டது.

பினாங்கு அரசு 2012இல் தேர்தலைத் திரும்பக் கொண்டுவர மாநிலச் சட்டம் இயற்றிப் பார்த்தது. அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் ஊராட்சி மாநிலப் பட்டியலில்தானே இருக்கிறது என்பது அதன் வாதம். 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் அந்த மனுவைத் தள்ளிவிட்டது. 2018 ஆட்சி மாற்றத்துக்குப் பின் அமைச்சரே மூன்றாண்டில் தேர்தல் என்றார். அந்த ஆண்டு டிசம்பரிலேயே பிரதமர் மகாதீர், இனப் பூசல் வரும் என்று சொல்லி மறுத்துவிட்டார். ஆகவே வழி ஒன்றுதான். நாடாளுமன்றம் அந்த 15ஆவது பிரிவை மாற்ற வேண்டும்.

இப்போது யார் உட்கார்கிறார்கள்?

அதே சட்டத்தின் 10ஆவது பிரிவுப்படி கவுன்சிலர்களை மாநில அரசு நியமிக்கிறது. ஒரு மன்றத்துக்கு 8க்குக் குறையாமல் 24க்கு மேற்படாமல். பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகாது, ஆனால் மறுபடி நியமிக்கலாம். நடப்பில் என்ன? ஆளும் கட்சிகள் தங்களுக்குள் நாற்காலிகளைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒரு கவுன்சிலர் இறந்தால், மந்திரி புசார் அலுவலகத்திலிருந்து இன்னொருவருக்கு ஒரு கடிதம் போகிறது. அவ்வளவுதான் இடைத்தேர்தல். கோலாலம்பூரில் இதுவும் இல்லை. 1961லிருந்து தேர்ந்தெடுத்த மன்றம் கிடையாது. ஏறத்தாழ இருபது லட்சம் பேர் வாழும் தலைநகரை, நியமிக்கப்பட்ட டத்தோ பண்டார் நிர்வகிக்கிறார்.

சுக்காய் பிந்து என்று நாம் சொல்லும் மதிப்பீட்டு வரியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டுகிறோம். கட்டாவிட்டால் நோட்டீஸ், பிறகு ஜப்தி. வரி வாங்கத் தெரிந்தவர்கள் நம் ஓட்டை வாங்க வரவில்லை.

இது நம் சமூகத்துக்கு என்ன செய்திருக்கிறது? 2007 அக்டோபர் இறுதியில் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோயில் இடிபட்டது, தீபாவளிக்குச் சில நாள் முன்னால். இடித்தது மாநகர் மன்றம். அதில் ஒரு கவுன்சிலரும் ஓட்டுக்குப் பயப்பட வேண்டியவர் அல்லர். மக்கள் கோபத்தைக் காட்ட என்ன வழி இருந்தது? நவம்பர் 25இல் கோலாலம்பூர் தெருவில் நின்றார்கள், கண்ணீர்ப்புகை வாங்கினார்கள். 2008 மார்ச்சில் பொதுத் தேர்தலில் ஓட்டாகக் காட்டினார்கள். ஊராட்சி செய்த தவறுக்கு நாடாளுமன்றப் பெட்டியில் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது.

2025இல் மஸ்ஜிட் இந்தியா பகுதிப் பத்ரகாளியம்மன் கோயில் விவகாரம் வந்தது. நூறாண்டு கடந்த கோயில். அந்த நிலத்தை மாநகர் மன்றம் ஒரு தனியார் நிறுவனத்துக்கு விற்றது 2014இலேயே. நமக்குச் சூடு தெரிந்தது பதினோரு ஆண்டு கழித்து. கடைசியில் அருகிலேயே மாற்று நிலம் என்று முடிவானது. நான் கேட்பது இதுதான்: 2014இல் அந்த மன்றத்தில் அந்த வட்டார மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவர் இருந்திருந்தால், விற்பதற்கு முன் "அங்கே கோயில் இருக்கிறதே" என்று ஒரு குரலாவது பதிவாகியிருக்காதா?

நம் மனத்தில் உள்ள பயம்

இனி வெளிப்படையாகப் பேசுவோம். தேர்தல் வேண்டும் என்று நாம் சொல்லும்போது நம்மவர்களே தயங்குகிறார்கள். நியமன கவுன்சிலராக இருந்த ஒரு நண்பர் என்னிடம் சொன்னார்: "அண்ணே, இப்போ கட்சிக் கோட்டாவுல ரெண்டு மூணு இந்தியர் உள்ள இருக்கோம். தேர்தல் வந்தா அதுவும் போயிடும். நம்ம ஏழு விழுக்காடு கூட இல்ல."

இந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். 2020 கணக்கெடுப்பில் குடிமக்களில் நாம் 6.7 விழுக்காடு. விழுக்காடு குறைந்துகொண்டே வருகிறது. தேர்தலால் நமக்கு எல்லாம் கிடைத்துவிடும் என்று நான் சொன்னால் அது பொய். ஆனால் மூன்று விஷயங்களைச் சிந்தியுங்கள்.

ஒன்று, அந்த நாற்காலி யாருடையது? கட்சியுடையது. கட்சி நினைத்தால் தருகிறது, நினைத்தால் எடுக்கிறது. கோயில் உடைபடும்போது கட்சித் தலைமையை மீறி அவர் பேச முடியுமா? அந்த நண்பரையே கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. நல்ல மனிதர், பேச முடியவில்லை.

இரண்டு, 222 நாடாளுமன்றத் தொகுதிகளில் இந்தியர் பெரும்பான்மையாக உள்ள தொகுதி ஒன்றுகூட இல்லை. தொகுதி பெரிது, நாம் அதில் கரைந்துவிடுகிறோம். நகராட்சி வட்டாரம் சிறிது. கிள்ளானிலும் செந்தூலிலும் சுங்கை பட்டாணியிலும் ஈப்போவின் புந்தோங்கிலும் நாம் கூடி வாழும் இடங்கள் இன்னும் உள்ளன. சிறு வட்டாரத்தில் அந்தக் கூட்டத்துக்கு எடை உண்டு. ஜெயிக்க முடியாத இடத்திலும், ஜெயிக்க நினைக்கிறவர் நம்மைத் தேடி வர வேண்டும்.

மூன்று, தேர்தல் என்றால் ஒரே முறைதான் என்பதில்லை. வட்டார உறுப்பினர்களோடு, கட்சிகள் பெறும் வாக்கு விகிதப்படி சில இடங்களும் வைக்கலாம். அப்படி வைத்தால் சிதறிக் கிடக்கும் சிறுபான்மைக்கும் இடம் கிடைக்கும். எல்லையை எப்படி வரைகிறார்கள் என்பதில் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். தேர்தல் வேண்டுமா என்பதோடு எப்படிப்பட்ட தேர்தல் என்றும் நாம் பேச வேண்டும். பேசாமல் இருந்தால் மற்றவர்கள் நமக்காக வரைந்துவிடுவார்கள்.

இனக்கலவரம் வரும் என்கிறார்கள். நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் ஓட்டுப் போடும்போது வராத கலவரம், சாக்கடையைப் பார்த்துக்கொள்கிறவரைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் ஏன் வர வேண்டும்?

தேர்தல் வரும் வரை என்ன செய்யலாம்?

15ஆவது பிரிவு நாளைக்கே மாறாது. அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. சட்டத்தில் சில கதவுகள் திறந்துதான் இருக்கின்றன. நாம்தான் தட்டுவதில்லை.

1. முகவரி. 2021 டிசம்பரிலிருந்து 18 வயதானவர்கள் தானாகவே வாக்காளர் ஆகிறார்கள், மைகார்டில் உள்ள முகவரிப்படி. தோட்டத்திலிருந்து வெளியேறிப் பத்து ஆண்டான பிள்ளைகளின் அடையாள அட்டையில் இன்னும் பழைய லயத்து முகவரி இருக்கிறது. குடியிருக்கும் இடத்தில் உங்களுக்கு ஓட்டு இல்லை என்றால் அங்குள்ளவர் உங்களை ஏன் மதிக்க வேண்டும்? பதிவிலாகாவில் முகவரியை மாற்றுங்கள், வாக்காளர் பட்டியலிலும் மாற்ற விண்ணப்பியுங்கள். இடைத்தேர்தல் அறிவித்த பிறகு ஓடினால் அந்தத் தேர்தலுக்கு உதவாது.

2. மன்றக் கூட்டம். 171ஆவது சட்டத்தின் 23ஆவது பிரிவுப்படி ஊராட்சி மன்றத்தின் முழுக் கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகைக்கும் திறந்தது. குழுக் கூட்டங்களுக்கு இது பொருந்தாது. மாதம் இரண்டு பேர் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள், குறிப்பெடுங்கள். யாரோ பார்க்கிறார்கள் என்றாலே பேச்சு மாறும்.

3. உள்ளூர்த் திட்ட வரைவு. இதுதான் மிக முக்கியம். 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, வட்டாரத் திட்டத்தின் வரைவை மன்றம் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். ஆட்சேபம் சொல்லக் குறைந்தது நான்கு வாரம் தர வேண்டும். உங்கள் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் சுடுகாடும் அந்த வரைபடத்தில் என்ன நிறத்தில் இருக்கின்றன என்று போய்ப் பாருங்கள். வழிபாட்டுத் தலம் என்று குறிக்கப்படவில்லையா? அந்த நான்கு வாரத்தில் எழுதுங்கள். மண்வாரி இயந்திரம் வந்த பிறகு வழக்கறிஞரைத் தேடி ஓடி வருகிறவர்கள்தான் அதிகம். வரைவு வைக்கும் போது வந்தவர்களை என் அனுபவத்தில் விரல்விட்டு எண்ணலாம்.

4. மதிப்பீட்டு வரி. புதிய மதிப்பீட்டுப் பட்டியல் வந்தால், மறுபரிசீலனைக்குக் குறித்த நாளுக்குக் குறைந்தது 14 நாள் முன்பு எழுத்து மூலம் ஆட்சேபிக்கலாம். வாய்ப்பேச்சுக்கு மதிப்பில்லை.

5. நியமனம். 10ஆவது பிரிவு, கவுன்சிலர்களில் பெரும்பாலோர் அந்த வட்டாரத்தில் குடியிருப்பவராக இருக்க வேண்டும் என்கிறது. தங்கள் சமூகத்தின் நலனைப் பிரதிநிதிக்கக் கூடியவர்களையும் அது குறிப்பிடுகிறது. 2008க்குப் பிறகு பினாங்கு, சிலாங்கூர் போன்ற மாநிலங்களில் அரசு சாரா அமைப்புகளிலிருந்தும் சிலரை நியமித்தார்கள். உங்கள் மன்றத்தின் தவணை எப்போது முடிகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அதற்கு மூன்று மாதம் முன்பே குடியிருப்புச் சங்கம் கூடி, வேலை செய்கிற ஒருவரின் பெயரை எழுத்து மூலம் மாநில அரசுக்கு அனுப்புங்கள். ஏற்காவிட்டால் ஏன் என்று கேளுங்கள். பெண்களின் பெயரை அனுப்புங்கள். சாக்கடை நாற்றம் வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் முதலில் தெரிகிறது.

6. அடுத்த தேர்தல். வேட்பாளர் உங்கள் வீட்டு வாசலுக்கு வருவார். அரிசி மூட்டையைப் பற்றிப் பேச வேண்டாம். நாடாளுமன்ற வேட்பாளராக இருந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஊராட்சிச் சட்டத்தின் 15ஆவது பிரிவை நீக்க ஓட்டுப் போடுவீர்களா, மாட்டீர்களா?" பதிலைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எல்லாக் கட்சிக்காரரிடமும் வாங்குங்கள். நம் இயக்கம் எந்தக் கட்சிக்கும் வால் அல்ல.

சட்டம் தெரிந்தால் மட்டும் போதாது என்பதற்கு ஒரு நினைவூட்டல். 2018 பொதுத் தேர்தலில் ரந்தாவ் தொகுதியில் நம்மவர் ஒருவர், ஒரு மருத்துவர், அனுமதி அட்டை இல்லை என்று வேட்புமனு மையத்துக்குள் விடாமல் தடுக்கப்பட்டார். எதிர்த்தரப்பு போட்டியின்றி வென்றதாக அறிவித்தார்கள். அவர் சும்மா வீட்டுக்குப் போகவில்லை. நீதிமன்றம் போனார். அந்த வெற்றி ரத்தானது, கூட்டரசு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2019 ஏப்ரலில் இடைத்தேர்தல் நடந்தது. அதில் அவர் தோற்றார், உண்மைதான். ஆனால் தொகுதி மக்களுக்குப் பறிபோன ஓட்டு அவரால் திரும்பக் கிடைத்தது. தோற்போம் என்று தெரிந்தும் ஓட்டுரிமைக்காகப் போராடுவது வீண் வேலை அல்ல.

அந்த அப்பக் கடை அம்மாவுக்கு வருகிறேன். கூட்டம் முடிந்து போகும்போது அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், சிரித்தவர்களுக்காக. அவர் சொன்னார்: "சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும் ஐயா. எங்களுக்கு ஓட்டு இல்லைன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. இத்தன வருஷம் நான்தான் போட மறந்துட்டேன்னு நெனச்சேன்."

நம் மக்களில் எத்தனையோ பேர் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாம் மறக்கவில்லை. நம்மிடம் எடுத்துக்கொண்டு போனார்கள், தற்காலிகம் என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனார்கள். கொடுத்தவன் மறந்தாலும் கேட்க வேண்டியவன் மறக்கக்கூடாது. இங்கிருந்து போகும்போது ஒவ்வொருவரும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரிடம் இதைச் சொல்லுங்கள்.